பையில் என்ன இருந்தது?

"பாவம்னு ஒரு வார்த்தை இவன் வாயில வருதா பாருங்க சார்!"

சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். சொல்பவர் பையனின் தாய்மாமனாக இருக்கலாம், காவலராக இருக்கலாம், பொருளைப் பறிகொடுத்தவராகவும் இருக்கலாம். பையன் தரையைப் பார்த்தபடி நிற்பான். முகத்தில் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்துத்தான் "கல்நெஞ்சுக்காரன்" என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அதே பையன், வல்லம் என்கிற சிறு படகில் கூட வந்தவனுக்குத் திருக்கை முள் குத்திவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறுவான். ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடியக் கிடப்பான். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பான். இரக்கம் இருக்கிறது. அது தன் படகு, தன் தெரு, தன் கூட்டாளி என்கிற எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு வெளியே இருப்பவரின் முகத்தை அவன் தப்பாகப் படிக்கிறான், அதுவும் நொடியில் படித்து முடித்துவிடுகிறான். சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரோடு வேலை செய்ய வருகிறவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது ஒரு திறமை. ஊகித்தபின் அது தன்னைத் தொடுவது வேறொன்று. இவை இரண்டையும் வளர்க்கும் குழுப் பயிற்சியை ராமநாதபுரக் கரையில் எப்படி நடத்துவது என்பதே இங்கே பேச்சு.

டேரிக் ஜாலிஃப், டேவிட் ஃபாரிங்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2004-ல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குற்றச் செயல்களோடு கூடுதலாகச் சேர்ந்து வந்தது முதலாவதன் குறைவு, அதாவது ஊகிக்கும் திறமையின் குறைவு. அறிவுத்திறன், குடும்பத்தின் பொருளாதார நிலை இரண்டையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசமும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வறுமையும் படிப்புக் குறைவும் செய்த வேலையைப் பையனின் நெஞ்சின் மேல் எழுதிவிடக் கூடாது என்று இதற்குப் பொருள். வராந்தா தீர்ப்பு அதைத்தான் செய்கிறது.

ஆரம்பிக்கும் முன்

காது, கண், மொழி ஆகிய மூன்றையும் பார்க்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது. சீழ் வடியும் காதோடு வளர்ந்த பிள்ளைகள் கடற்கரைக் குடியிருப்புகளில் உண்டு. பாதி கேட்டுப் பாதி ஊகித்தே காலம் தள்ளியிருப்பான். குழுமத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் திமிர் என்று எழுதிவிடுவார்கள். மொழிக்கு எளிய சோதனை ஒன்று போதும். நான்கு வாக்கியத்தில் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதில் குழம்பினால், மனதைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் மொழியில் வேலை இருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தச் சிறாரிடையே நடந்த ஆய்வுகளில் மொழிச் சிக்கல் மிகப் பரவலாகக் காணப்பட்டது. "வெட்கம்", "ஏமாற்றம்", "எரிச்சல்", "பயம்" நான்குக்கும் சேர்த்து "கடுப்பு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பவன், அடுத்தவரிடம் அந்த நான்கையும் பிரித்துக் காண்பது எப்படி?

தலையில் அடிபட்ட வரலாறு, தூக்கம், கஞ்சா, இவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

அடுத்தது சட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் சிறுவனைக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். முதன்முதலாக நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். விசாரணைக்கு நான்கு மாதம், தேவைப்பட்டால் மேலும் இரண்டு மாதம். அந்த முடிவு வரும்வரை அவன் குற்றமற்றவன் என்பதே சட்டத்தின் அனுமானம். ஆகவே உத்தரவுக்கு முந்தைய கட்டத்தில் "நீ ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற கேள்விக்கே குழுவில் இடமில்லை. கற்பனைச் சம்பவங்களை வைத்துத்தான் பயிற்சி. உத்தரவு வந்து குழு ஆலோசனையோ நன்னடத்தைக் கண்காணிப்போ விதிக்கப்பட்ட பிறகு, அதுவும் தனியறையில், அவன் செயலைப் பேசலாம். இந்த எல்லையை மீறுகிற ஆற்றுப்படுத்துநர் நல்லெண்ணத்தோடுதான் மீறுவார். ஆனால் பையன் அவரிடம் சொன்னது அவனுக்கு எதிராகவே திரும்பும் என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால், அந்தக் குழுவில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆட்கள், நாட்கள்

ஐந்து முதல் எட்டுப் பையன்கள். நடத்துபவர் இருவர், அவர்களில் ஒருவராவது இந்தக் கரையின் பேச்சு தெரிந்தவர். ஒருவர் நடத்தினால் இன்னொருவர் பேசாமல் உட்கார்ந்து முகங்களைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் காவலர் இருக்கக் கூடாது, சீருடையில் இல்லாவிட்டாலும் கூடாது. "டேய்" வேண்டாம், "தம்பி" போதும். பையன்கள் "சார்" என்றோ "அண்ணே" என்றோ அழைப்பார்கள். கீழக்கரைப் பையன் "காக்கா" என்று, அதாவது அண்ணன் என்று, அழைக்க ஆரம்பித்தால் அவன் கொஞ்சம் இளகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆர்னால்ட் கோல்ட்ஸ்டைன் அமெரிக்காவில் வகுத்த வன்முறை மாற்றுப் பயிற்சி (Aggression Replacement Training) வாரம் மூன்று அமர்வு, பத்து வாரம், மொத்தம் முப்பது. நம் கரையில் வாரம் மூன்று நடக்காது. தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ ராமநாதபுரம் வந்து போகும் பஸ் செலவை நினைத்துப் பாருங்கள். வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் 70 நிமிடம், மாலை நான்கு மணிக்கு மேல் என்றால் ஓரளவு தேறும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். படகோடு தொடர்புள்ள பையன்களுக்கு இந்த நாட்களையும் மறுநாள் காலையையும் தள்ளி வையுங்கள். வெள்ளி மதியம் தொழுகை, ஞாயிறு காலை கோவில். தங்கச்சிமடத்தில் கோவில் என்றால் சர்ச்சும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் பொன்னான காலம். அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். வீட்டுச் சந்திப்புகளை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: கேஸ் கதை இங்கே பேசக் கூடாது. சட்டக் காரணம் ஒருபக்கம் இருக்கட்டும். அடிதடிப் பேர்வழிகளை ஒரே அறையில் உட்காரவைத்து வாய்க்கு வந்ததைப் பேசவிட்டால், ஒருவன் வீரத்தைச் சொல்ல மற்றவன் சிரிக்க, அந்தச் சிரிப்பே கூலியாகி, பயிற்சி முடியும்போது எல்லாரும் முன்பைவிட மோசமாகிவிடுவார்கள். இது வெறும் பயம் அல்ல. தாமஸ் டிஷியனும் மற்றவர்களும் 1999-ல் எழுதியது இதைத்தான்: கூட்டிவைத்துச் செய்யும் உதவியே சில சமயம் கெடுக்கிறது. கதை தொடங்கினால் திட்ட வேண்டாம். இரண்டாமவர் எழுந்து அடுத்த வேலைக்கான அட்டைகளைக் கொடுத்துவிடலாம். பார்வையாளர் இல்லாத கதை தானே நின்றுபோகும்.

சத்தமில்லாத ஏலம்

முதல் இரண்டு வாரமும் கண்ணுக்குத்தான் வேலை. மீன் ஏலத்தை 40 விநாடி போனில் படம் பிடித்து, சத்தத்தை அடைத்துவிட்டுக் காட்டுங்கள். "இவர் என்ன நினைக்கிறார்?" என்று எடுத்ததும் கேட்டால் "தெரியல" என்றுதான் பதில் வரும். கை எங்கே இருக்கிறது, கண் யாரைப் பார்க்கிறது, உடம்பு முன்னால் வந்ததா பின்னால் போனதா என்று கேளுங்கள். கொட்டும். "அந்தக்கா கூடைய இழுத்துட்டாங்க, அவங்க கையில அவ்வளவுதான் காசு." "ஏலம் போடுறவரு அந்தச் சட்டைக்காரர் பக்கம் பாக்கவே இல்ல, ஏற்கெனவே பேசி வச்சிருக்காங்க." படித்தவர்கள் கவனிக்காததை எல்லாம் கவனிப்பார்கள். மனிதரைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்ல என்று அவர்களே கண்டுகொள்ளும் இடம் அது.

அதே நாளில் இன்னொரு படம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் வடநாட்டு யாத்திரைக் குடும்பம் ஒன்று, மொழி தெரியாது. மறுபடி அதே கேள்விகள். இப்போது தடுமாறுவார்கள். "சேட்டு காசை எண்ணுறாரு" என்று ஒருவன் சொல்வான். உற்றுப் பார்த்தால் அவர் மாத்திரையை எண்ணிக்கொண்டிருப்பார். ஏலக்கரையில் அவ்வளவு துல்லியமாகப் படித்த கண் இங்கே ஏன் தவறியது? இந்தக் கேள்வியை மட்டும் போட்டுவிட்டு அன்றைய அமர்வை முடித்துவிடலாம். பதில் சொல்லித்தர வேண்டாம்.

முக அட்டைகள் பயன்படுத்துவதானால் வெளிநாட்டு நடிகர்களின் படங்கள் உதவாது. நம் ஊர் முகங்களை அனுமதி வாங்கிப் படமெடுங்கள், இருபது போதும். பையன்களின் உறவினர் யாரும் அதில் இருக்கக் கூடாது. அதிகம் தவறுவது பயத்தில்தான். பயந்த முகத்தைக் கோபமான முகம் என்று படிக்கிறவன், பயந்து நிற்பவனை எதிரி என்று எண்ணித் தாக்குகிறான். அட்டையை நான்கு விநாடிக்கு மேல் காட்டாதீர்கள். வாழ்க்கையில் அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். துப்பட்டிக்குள் பாதி மறைந்த முகம், படகிலிருந்து தூரத்தில் தெரியும் உருவம், இருட்டில் கேட்கும் குரல், இவையும் சேரட்டும்.

மூன்று காரணம்

பாம்பன் பஸ்ஸில் கூட்டம். ஒருவன் காலை மிதித்துவிட்டான். "வேணும்னே மிதிச்சான்." கென்னத் டாட்ஜ் 1980-ல் விளக்கிக் காட்டிய சாய்வு இது: சந்தேகத்துக்கு இடமான செயல் எதுவானாலும் அதில் பகையைக் காண்பது. அடிபட்டும் மிரட்டப்பட்டும் வளர்ந்த பையனுக்கு இந்தச் சாய்வு ஒருகாலத்தில் பயன்பட்டிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முதலில் அடிக்காதவன் அடி வாங்கினான். அதனால் முதலில் அடிக்கக் கற்றுக்கொண்டான்.

பயிற்சி எளிது. சம்பவத்தைச் சொல்லி, அதற்கு மூன்று காரணம் கேளுங்கள். மூன்றில் ஒன்று பகையாக இருக்கலாம், தடையில்லை. மற்ற இரண்டும் வேறாக இருக்க வேண்டும். முதல் வாரம் இரண்டாவது காரணத்துக்கே மூச்சுத் திணறும். சம்பவங்கள் அவர்கள் நாளில் நடப்பவையாக இருக்கட்டும்: படகுக்காரச் சம்மாட்டி பங்கைக் குறைத்துக் கொடுத்தார். வாட்ஸாப்பில் நீலக்குறி விழுந்தும் பதில் வரவில்லை. கபடி மைதானத்தில் எதிரணிக்காரன் சிரித்தான். டீச்சர் உன் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. கட்டிப்போட்ட வல்லத்தின் கயிறு காலையில் அவிழ்ந்து கிடக்கிறது.

கடைசியில் ஒரு படி உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மூன்று காரணத்தில் எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வாய்? யாரைக் கேட்பாய், எந்தச் சொல்லில் கேட்பாய்? வாயால் சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும். "ஏண்டா கயித்த அவுத்த?" என்பதும் "அண்ணே, காலையில வந்து பாத்தா கயிறு அவுந்து கெடந்துச்சு, யாரும் பாத்தீங்களா?" என்பதும் ஒரே சந்தேகத்தின் இரண்டு குரல்கள். இரண்டாவதைப் பத்துத் தடவை சொல்லிப் பழகினால்தான் ஆத்திரம் வரும் நேரத்தில் அது நாக்கில் வரும்.

சம்மாட்டி நிஜமாகவே ஏமாற்றுபவராக இருந்தால்? இருப்பார்கள். அப்போது "நீ தப்பாக நினைக்கிறாய்" என்று மழுப்பினால் பையன் நம்மைக் கைகழுவிவிடுவான். அநியாயம் அநியாயம்தான், அதற்கு என்ன வழி என்று வேறு பேச்சுப் பேச வேண்டும். அவன் எல்லாவற்றையும் நல்லதாகவே காணவேண்டும் என்பது நம் நோக்கமல்ல. சரியாகக் காண வேண்டும்.

பை

ஐந்தாவது வாரத்துக்கு முன் இதைச் செய்ய வேண்டாம். சீக்கிரம் செய்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒரு கவசம். ஆனால் பார்த்தவர் "இரக்கமற்ற சிரிப்பு" என்று கோப்பில் எழுதிவைப்பார், அது காலத்துக்கும் நிற்கும்.

ஒரு பழைய துணிப்பை வேண்டும். அதற்குள்: கீறல் விழுந்த போன். 640 ரூபாயோடு பர்ஸ். நான்கு மாத்திரை மிச்சமுள்ள சர்க்கரை மாத்திரை அட்டை. ஒரு காலை நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. திரும்பிப் போக ரயில் டிக்கெட். ராமேஸ்வரத்தில் வாங்கிய சங்கு மாலை இரண்டு, சின்ன அளவு. வாயைத் துணியால் கட்டிய ஒரு சிறு பித்தளைச் செம்பு.

பை அக்னி தீர்த்தக் கரையில் காணாமல் போனது என்று மட்டும் சொல்லுங்கள். பையன்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கட்டும். முதல் சுற்றில் விலை மட்டும். போனுக்கு விலை சொல்வார்கள். கண்ணாடியை ஒதுக்கிவிடுவார்கள், செம்பைக் காயலான் கடைக் கணக்கில் சேர்ப்பார்கள். இரண்டாம் சுற்றில் கேள்வி வேறு: இன்று ராத்திரி இதை யார் தேடுவார்கள், எத்தனை மணிக்குத் தேடுவார்கள்? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் தேடுவார்கள். டிக்கெட்டை ஸ்டேஷன் வாசலில். சங்கு மாலையை ஊருக்குப் போனபின், வாசலில் ஓடிவரும் பிள்ளைகள். கடைசியில் செம்பு. ராமேஸ்வரத்துப் பையன் இருந்தால் அவனுக்குச் சொல்லவே வேண்டாம். "அஸ்தி" என்பான். தொண்டிப் பையனுக்கோ கீழக்கரைப் பையனுக்கோ புரியாவிட்டால் அவனே விளக்கட்டும்.

அதன் பிறகு வரும் மௌனத்தை நாம் கெடுக்கக் கூடாது. அரை நிமிடம் நெடுநேரமாகத் தோன்றும். அந்த இடத்தில் "இப்போது புரிகிறதா?" என்று கேட்ட அமர்வுகள் எல்லாம் அங்கேயே செத்துப்போகின்றன. கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். பெரும்பாலும் வருவது, "இதை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?" என்பதுதான். குழுவில் அண்மையில் தகப்பனை இழந்தவனோ, கடலுக்குப் போன அண்ணன் திரும்பாதவனோ இருந்தால் செம்பை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விவரம் சமூக விசாரணை அறிக்கையில் இருக்கும். படித்துவிட்டு வருவது நடத்துபவர் கடமை.

பங்குக் கணக்கு

படகு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்குக் கணக்கு தாய்ப்பாலோடு வந்தது. டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதை அவர்கள் விரலிலேயே போடுவார்கள். இழப்பையும் அதே கணக்கில் போடச் சொல்லலாம்.

திருடுபோனது நண்டு வலை என்று வையுங்கள். சார்ட் தாளில் நான்கு கட்டம்: யார், அன்றைக்கு, அந்த வாரம், அந்தப் பருவம் முடியும்வரை. விலைகளை நாம் சொல்லக் கூடாது, அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். முதல் வரிசையில் வலைக்காரர் வருவார். இரண்டாவதில் வல்லத்தில் கூடப் போகிறவர். அதோடு நின்றுவிடும். "அந்தப் பங்குல வேற யாரு சாப்பிடுறா?" என்று மட்டும் கேளுங்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் வரும். மகளிர் குழுத் தவணை வரும். தவணைக்காக அடகுக்குப் போகும் தோடு வரும். முன்பணம் கட்ட முடியாததால் அடுத்த மீனை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டிய கட்டாயம் வரும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது, பையன்களே சொல்வார்கள். எட்டு வரிசை தாண்டினால் நல்ல அமர்வு.

பனங்காட்டுப் பக்கமோ கரிமூட்டம் போடும் பக்கமோ வளர்ந்த பையனுக்கு வலை ஒட்டாது. அவனுக்குத் திருடுபோன சைக்கிளோ ஆடோ இருக்கட்டும். கடற்கரை மாவட்டம் என்பதால் எல்லாரும் மீனவர் பிள்ளை என்று எண்ணிவிடுவதும் ஆளைப் பார்க்காத குற்றம்தான்.

கணக்குப் போடும்போதுதான் சாக்குகள் கிளம்பும். கிரேஷம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா இருவரும் 1957-ல் ஐந்து வகை என்று பிரித்தார்கள். நம் கரையில் அவை இப்படி ஒலிக்கும்: "நான் சும்மா கூடத்தான் போனேன்." "அவருக்கு இன்னும் ரெண்டு வலை கெடக்கு." "அந்தாளு வட்டிக்கு விடுறவன், அவனுக்கு வேணும்." "போலீஸ் மட்டும் யோக்கியமா?" "கூட்டாளி கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?" வாதாடாதீர்கள். ஒவ்வொன்றிலும் கால்பங்கு உண்மை இருக்கும். அந்தக் கால்பங்கை ஒத்துக்கொண்டு மிச்ச முக்கால்பங்கைக் கேளுங்கள். வட்டிக்காரர்தான், சரி, அவர் வல்லத்தில் கூலிக்குப் போகிறவர் என்ன பண்ணினார்?

வேஷம் மாற்றுவது

மைக்கேல் சாண்ட்லர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் படிக்கத்தக்கது. குற்றத்தில் சிக்கிய 11 முதல் 13 வயதுப் பையன்களைக்கொண்டு பத்து வாரம் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதி, நடித்து, படம் பிடிக்கவைத்தார். ஒவ்வொரு நாடகத்திலும் எல்லாரும் எல்லா வேடத்தையும் போட வேண்டும் என்பது முக்கிய விதி. அடுத்தவர் கண்ணால் பார்க்கும் திறமை கூடியது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களது குற்றங்களும் குறைந்திருந்தன.

இந்த விதியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நன்றாக அடிப்பவன் மூன்று முறையும் அடிப்பவனாகவே நடித்தால் அது அடிதடி ஒத்திகை. காட்சி மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் சுற்று தன் வேடம், இரண்டாவது எதிராளி, மூன்றாவது வேடிக்கை பார்த்தவர். அவன் சம்பந்தப்பட்ட உண்மைச் சம்பவத்தை நடிக்கவைக்க வேண்டாம். பெண்பிள்ளைகளைத் துன்புறுத்தியது சம்பந்தமான காட்சிகளைக் குழுவில் தொடவே கூடாது. அதற்குத் தனி ஆள், தனி அறை, தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

முடிந்ததும் வேடத்தைக் கழற்ற வேண்டும். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அவரவர் சொந்தப் பெயரை ஒருமுறை சொல்வது போதும். இல்லாவிட்டால் காட்சியில் வாங்கிய ஏச்சு பஸ் நிலையம்வரை போகும்.

சாதியும் தெருவும்

இதைச் சொல்லாமல் ராமநாதபுரத்தில் இரக்கத்தைப் பற்றிப் பேசுவது பொய். தன் சாதிக்காரன்மேல் கை வைத்தால் உயிரைக் கொடுக்கிறவன் பக்கத்துத் தெருக்காரன் இரத்தத்தில் கிடந்தாலும் அசையாமல் நிற்பது, உணர்ச்சி இல்லாததால் அல்ல. யாருக்காக உணர வேண்டும் என்று வீடும் ஊரும் வரிசை போட்டுக் கொடுத்ததால். 2024-ல் நீதியரசர் சந்துரு அளித்த அறிக்கை பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிற்றைத் தடை செய்யச் சொன்னது தெரிந்ததே. குழுவில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, ஜோடி சேர்க்கும்போது வண்ணம் மாற்றிச் சேர்ப்பது பலன் தரும். இருவரும் சேர்ந்துதான் முடிக்க முடியும் என்ற வேலை கொடுங்கள்: கிழிந்த வலையைப் பொத்துவது, பெஞ்சுக்கு வண்ணம் அடிப்பது. பேச்சு தானாக வரும். "ஒற்றுமை" என்ற சொல்லை நாம் உச்சரித்தால் அத்தோடு சரி, பள்ளிக்கூட உறுதிமொழி மாதிரி ஆகிவிடும்.

மன்னிப்புக் கடிதம்

கட்டாயப்படுத்தி எழுதவைக்காதீர்கள். ஒருவன் எழுதியதை எட்டுப் பேர் காப்பி அடிப்பார்கள். பாதிக்கப்பட்டவர் கேட்காமல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருக்கு இரண்டாம் அடி. அவர் தானாக விரும்பினால், குழுமத்தின் அனுமதியோடு, முன்னால் இரு பக்கமும் தனித்தனியே இரண்டு மூன்று முறையாவது பேசிய பிறகு சந்திப்பு வைக்கலாம். பையன் என்ன சொல்லப்போகிறான் என்பதைவிட, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் பத்து நிமிடம் கேட்க முடியுமா என்பதே தகுதி. பாலியல் குற்றங்களில் சந்திப்புப் பேச்சே கிடையாது.

சமூக சேவை உத்தரவானால் வேலை உருப்படியாக இருக்க வேண்டும். அவமானமாக இருக்கக் கூடாது. ஏர்வாடிக்குக் கூட்டிப்போய் "இவங்கள எல்லாம் பாரு, அப்பவாவது புத்தி வருதா பாப்போம்" என்று மனநோயாளிகளைக் காட்டும் பழக்கம் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ல் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகிய ஊர் அது. அங்கே இருப்பவர்கள் யாருடைய பாடத்துக்கும் காட்சிப்பொருள் அல்லர். அரசு மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளுவது, வயதானவருக்கு டோக்கன் எடுத்துக் கொடுப்பது போன்றவை நல்லது. ஒரே ஆளுக்குத் தொடர்ந்து நான்கு வாரம் செய்தால் இன்னும் நல்லது. பெயர் தெரிந்த மனிதர் ஒருவர் "தம்பி வந்துட்டியா?" என்று கேட்கும்போது நடப்பது நம் அமர்வுகளில் நடக்காது.

சிலருக்கு இது பொருந்தாது

குறைந்த எண்ணிக்கையில்தான், ஆனால் உண்டு: முகம் படிக்கும் தேர்வில் முதல் மதிப்பெண், அடுத்தவர் பயத்தைத் துல்லியமாகச் சொல்வான், அது அவனைத் தொடாது. அவனுக்கு மேலும் மேலும் ஊகிக்கும் பயிற்சி கொடுத்தால் இன்னும் நன்றாக ஏய்க்கக் கற்றுக்கொள்வான். அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, நல்ல நடத்தைக்கு உடனடிப் பலன் என்கிற தனித் திட்டத்துக்கு மாற்ற வேண்டும். மிரட்டல் அவனிடம் வேலை செய்யாது. இதற்கு நேர் எதிராக, முகம் படிக்கவே தெரியாமல், "அவருக்கு வலிச்சுது" என்று எடுத்துச் சொன்னால் அழுதுவிடுகிறவனும் உண்டு. ஆட்டிசம் இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வராந்தாவில் இருவரும் ஒரே மாதிரி நிற்பார்கள்.

முன்னேற்றத்தைக் கண்ணீரில் அளக்க வேண்டாம். வினாத்தாளையும் முழுக்க நம்ப முடியாது. குழுமம் எதை எதிர்பார்க்கிறது என்று பையன்களுக்குத் தெரியும். ஒரு நோட்டில் வாரம் மூன்று விஷயம் குறித்தால் போதும்: ஒரு சம்பவத்துக்கு எத்தனை காரணம் சொன்னான், பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான், "அந்தாளு" என்றது எப்போது "அவர்" ஆனது. அம்மாவிடம் ஒரே கேள்வி: இந்த வாரம் உங்ககிட்ட எதையாவது அவனாக் கேட்டானா? "சாப்பிட்டியாம்மான்னு கேட்டான்" என்பது வந்தால் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஏழாவது வாரம் திடீரென்று சரியும், பயப்பட வேண்டாம். வெட்கம் எட்டிப் பார்க்கும் நேரம் அது. "நான் கெட்டவன்" என்று சுருண்டுவிடுகிறவன் மறுபடி அடிப்பான், "நான் செஞ்சது கெட்டது" என்று வருகிறவன் சரிசெய்யப் பார்ப்பான். இந்தச் சில நாட்களில் அமர்வைத் தவறவிடாமல் வீட்டுக்கே போய்க் கூப்பிட வேண்டும்.

பிறகு கடைத்தெரு. சட்டத்தின் 74-ம் பிரிவு பையனின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. 24-ம் பிரிவு அந்தப் பதிவுகளையே உரிய காலத்தில் அழிக்கச் சொல்கிறது. காகிதத்தில் அழிந்தாலும் மண்டபம் பஸ் நிலையத்தில் அழியாது. ஊர் சின்னது, நம்மை எல்லாருக்கும் தெரியும். கூட்டாளிகளோடு நிற்கும் பையனைப் பார்த்து நாம் சிரித்தால், "யாருடா அது?" என்ற கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே நாம் முதலில் கையசைக்கக் கூடாது, தெரியாதவர் போலக் கடந்து போய்விட வேண்டும். முதல் அமர்விலேயே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இருக்காது. அவனாகவே நாலடி தள்ளி வந்து "சார், டீ சாப்பிடுறீங்களா?" என்றால் சாப்பிடலாம். காசு யார் கொடுப்பது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.